க்ளவுன் மீன் மேல வெள்ளைப் படலம், வேகமா மூச்சு: காப்பர் ஊத்தலாமா?

கீழக்கரை_உப்புத்தண்ணி:
150 லிட்டர் தொட்டி. வெப்பம் 30 டிகிரி, உப்பு ஆயிரத்துக்கு 33. ஒரு அனிமோன் (கடல் சாமந்தி), ஒரு பழைய ஆசிலாரிஸ் க்ளவுன். மூணு நாள் முன்னாடி சின்னதா இன்னொண்ணு வாங்கி நேரா உள்ள விட்டாச்சு. நேத்து ராத்திரியிலிருந்து புதுசு பவர்ஹெட் (தண்ணி தள்ளுற மோட்டார்) வாய்க்கு நேரா நிக்குது, தீனி தொடல. உடம்புல பால் ஆடை மாதிரி படலம், பக்கவாட்டுல தோல் நூல் நூலா தொங்குது. பழசுக்கு வால் ஓரம் கிழிசல், நெத்தியில கரி தீத்தின மாதிரி ஒரு கறுப்பு. வித்த கடையில வெண்புள்ளின்னு சொல்லி காப்பர் மருந்து குடுத்துட்டாங்க. தொட்டியிலேயே ஊத்தலாமா?

தென்கடல்_தொட்டி:
அண்ணே, ஊத்தாதீங்க. ரெண்டு காரணம். காப்பர் அனிமோனைக் கொன்னுடும். அதைவிட முக்கியம், நீங்க சொல்ற நோய்க்கு காப்பர் வேலை செய்யாது.

வெண்புள்ளின்னா ரவை தூவின மாதிரி தனித்தனிப் புள்ளி. க்ளவுனுக்கு வெள்ளைப் பட்டை இருக்கிறதால அதுல தெரியாது. ஆரஞ்சுப் பகுதியிலயும் துடுப்புலயும் பாக்கணும். ரெண்டு மூணு நாள்ல புள்ளி மறையும். குணமாயிடுச்சுன்னு நினைப்போம், கிருமி அடியில கூடு கட்டிப் பெருகி மறுபடி ஏறும். வெல்வெட்னு இன்னொரு ஒட்டுண்ணி நோய், அது மைதா மாவு படிஞ்ச மாதிரி. அறை விளக்கை அணைச்சுட்டு டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சாத்தான் தெரியும். இந்த ரெண்டுக்கும்தான் காப்பர். வழவழப்பு கெட்டியாகி, தோலோட உரிஞ்சு தொங்கி, கூடவே மூச்சு இரைச்சா அது ப்ரூக்ளினெல்லாங்கிற ஒட்டுண்ணி, உங்க மீனுக்கு வந்திருக்கிறது அதான். க்ளவுனுக்குன்னே பேர் போன வியாதி. கூடு கட்டுற கட்டம் கிடையாது, மீன் மேலயே ரெண்டு ரெண்டா பிரிஞ்சு பெருகும். அதான் ஒண்ணு ரெண்டு நாள்லயே ஆளை முடிச்சிடுது. நாளைக்குப் பாக்கலாம்னு விடாதீங்க.

இன்னிக்கே ஃபார்மலின் குளியல். சோப்பு படாத புது வாளியில 20 லிட்டர் கடல் தண்ணி, தொட்டியோட அதே வெப்பம், அதே உப்பு. ஏர் ஸ்டோன் (காத்துக் குமிழி விடுற கல்) போட்டு அரை மணி ஓடட்டும். கடையில கிடைக்கிற 37 சதவீத ஃபார்மலின் 3 மில்லி, ஊசி போடுற சிரிஞ்சுல அளந்து விடுங்க. லிட்டருக்கு 0.25 மில்லி வரைக்கும் போறவங்க உண்டு. ஆனா நம்ம வெயிலுக்குத் தண்ணியில ஆக்சிஜன் ஏற்கெனவே கம்மி, ஃபார்மலின் அதையும் குறைக்கும், 0.15 போதும். 30லேர்ந்து 45 நிமிஷம் பக்கத்திலேயே உக்காந்து பாருங்க. சாய்ஞ்சா உடனே எடுத்துடணும். எடுத்ததைப் பழைய தொட்டிக்குத் திருப்பி விடாம தனித்தொட்டிக்கு மாத்துங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மொத்தம் மூணு தடவை. கையுறை போட்டு, வெளித் திண்ணையில வச்சுச் செய்யுங்க. அந்தப் புகை நமக்கும் விஷம்.

கீழக்கரை_உப்புத்தண்ணி:
ஃபார்மலின் ஒரு பாட்டில் இருக்கு, அடியில வெள்ளையா மண்டி படிஞ்சிருக்கு. மேல தெளிவா இருக்கிறதை மட்டும் எடுக்கலாமா?

தென்கடல்_தொட்டி:
வேண்டாம். அந்த மண்டி பாராஃபார்மால்டிஹைடு, மீனுக்கு இன்னும் கொடியது. தெளிவை எடுத்தாலும் அளவு எவ்வளவுன்னு தெரியாது. புது பாட்டில் வாங்குங்க.

பாம்பன்_ஏர்ஸ்டோன்:
புது பாட்டில் வர்ற வரைக்கும் நன்னீர் முக்கு குடுக்கலாம். நோய் தீராது, மூச்சு கொஞ்சம் லேசாகும். 10 லிட்டர் ஆர்ஓ தண்ணி, அதே வெப்பம், கொஞ்சம் ஆப்ப சோடா போட்டு pH-ஐத் தொட்டி அளவுக்கு ஏத்தி, ஏர் ஓட விட்டு, 3 முதல் 5 நிமிடம். போட்டதும் சில நொடி படுத்துக்கும், பதற வேண்டாம். ஒரு நிமிடம் ஆகியும் நிமிரவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

ஃபார்மலின் கிடைக்கவே இல்லை என்றால் மெட்ரோனிடசோல் என்ற மாத்திரை. 40 லிட்டர் தனித்தொட்டிக்கு 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, பொடித்து, கரைத்து, வடிகட்டி ஊற்றுங்கள். 48 மணிக்கு ஒருமுறை, 10 முதல் 14 நாள். கரி ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள், மருந்தை அது தின்றுவிடும். கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் நல்லது.

பலர் கோட்டை விடும் இடம் தனித்தொட்டியில் ஏறும் அம்மோனியா. மணல், கல் எதுவும் வேண்டாம். ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி குழாய் போதும். நோய் வந்த தொட்டியின் ஃபில்டர் பஞ்சைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி, மாற்றிய தண்ணீருக்கு உண்டான மருந்தை மட்டும் சேருங்கள்.

வாடைக்காத்து:
பழைய மீனையும் எடுக்கணும், அதுக்கும் அதே குளியல். வால் கிழிசல் சண்டைக் காயமாத்தான் இருக்கும். ஓரம் சுத்தமா இருந்தா ஒண்ணு ரெண்டு வாரத்துல தானே வளரும். ஓரம் வெள்ளையா பஞ்சு கட்டினாலோ, சிவந்து அடிவரைக்கும் அரிச்சுக்கிட்டே போனாலோ அது பாக்டீரியா, தனி மருந்து வேணும். நெத்திக் கறுப்பு அனிமோன் கொட்டின தழும்பா இருக்கலாம், மருந்து கிடையாது, தேவையும் இல்லை. பின்னால ரெண்டையும் சேத்து விடும்போது சின்னது பெருசு முன்னாடி சாய்ஞ்சு உதறும். அது வலிப்பு இல்ல, பணிவு.

பெரிய தொட்டியில அனிமோன் மட்டும் இருக்கட்டும். ஏற மீன் கிடைக்காம வெண்புள்ளிக் கிருமி சாகட்டும்னு, மீன் இல்லாம 76 நாள் விடுறது கடல் தொட்டிக்காரங்க வழக்கம். ப்ரூக்ளினெல்லாவுக்கு அவ்வளவு வேண்டாம்தான், ஆனா கடை மீனோட வெண்புள்ளியும் வந்திருந்தா?

தண்ணி கரையிலேர்ந்து எடுக்கிறீங்களா? வாடை அடிக்கிறப்ப வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கலங்கிக் கிடக்கும், கச்சான்ல (தென்மேற்குக் காத்துல) தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்). அந்தந்த நேரம் மறுபக்கம் போய் எடுங்க. கடல் பச்சையா இருந்தா, 2019 செப்டம்பர்ல மண்டபம் பக்கம் ஆச்சே, அந்த மாதிரி, ஒரு குடம்கூட எடுக்காதீங்க. அந்தப் பாசி அழுகினா அம்மோனியாதான். எடுத்த தண்ணியை 100 லிட்டருக்கு 3.5 கிராம் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு நாள் ஏர் ஓட விட்டு, அப்புறம் குளோரினை முறிக்கிற ஹைப்போ உப்பை (அதிகபட்சம் 7 கிராம்) கொஞ்சம் கொஞ்சமா சேத்து, குளோரின் கிட்ல நிறமே வராத வரைக்கும் பாத்துட்டு ஊத்துங்க. நம்ம ஊர் ஈரக் காத்துல பிரிச்சு வச்ச பவுடர் சீக்கிரம் வீரியம் போயிடும். சின்ன பாக்கெட்டா வாங்குங்க.

கீழக்கரை_உப்புத்தண்ணி:
ஃபார்மலின் வந்துடுச்சு, வாளியில ஏர் ஓடுது. ரெண்டையும் ஒரே வாளியில விடலாமா?

தென்கடல்_தொட்டி:
வேண்டாம், பெருசு கடிக்கும். முதல்ல புதுசு. அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வேற தண்ணி, வேற 3 மில்லி, அப்புறம் பழசு.