பாசி வைத்த நுண்ணுயிர் எரிபொருள் கலம்: பகலிலும் மின்னழுத்தம் விழுகிறது, உதவுங்கள்

கயல் (கேள்வி)
முதுநிலை செயல்திட்டத்துக்காக, பாக்டீரியாவை வைத்து மின்சாரம் எடுக்கும் இரண்டு அறை கலம் செய்திருக்கிறேன். ஆனோடு அறையில் (பாக்டீரியா எலக்ட்ரான் தரும் பக்கம்) சாணக்கரைசலும், பாக்டீரியாவுக்கு உணவாக அசிடேட்டும். கேத்தோடு அறையில் (எலக்ட்ரான் வந்து சேரும் பக்கம்) குளோரெல்லா என்ற பச்சைப்பாசி. இரண்டிலும் மின்முனையாகக் கார்பன் ஃபெல்ட், நடுவில் நஃபியான் சவ்வு, வெளியே 1000 ஓம் மின்தடை. கலம் ஜன்னலோரம் இருக்கிறது, 12 மணி நேரம் எல்.இ.டி. விளக்கும் உண்டு. முதலில் பகலில் 0.35 வோல்ட், இரவில் 0.1 வந்தது. இப்போது பகலிலேயே 0.15 தாண்டவில்லை. பாசி என்னவோ நன்றாகப் பச்சையாகத்தான் இருக்கிறது. அசிடேட் சேர்த்தால் கொஞ்சம் ஏறி, மறுநாளே இறங்கிவிடுகிறது.

பாசிக்குளம்
இரவில் விழுவது இயல்புதான். கேத்தோடுக்கு வரும் எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். வெளிச்சத்தில் பாசி அதைத் தருகிறது, இருட்டில் தானே சுவாசித்துத் தீர்த்துவிடுகிறது. பாசி அடர்ந்துவிட்டால் உள்ளே ஒளி போகாது, ஃபெல்ட் மேலும் படியும். பாதிக் கரைசலை எடுத்துவிட்டுப் புது ஊடகம் (வளர்ப்புக் கரைசல்) ஊற்றிப் பாருங்கள்.

செல்வம்_ஆய்வகம்
அதற்கு முன்னால் எந்தப் பக்கம் கோளாறு என்று பாரும்மா. விளக்கு எரியும்போதே மீன்தொட்டி பம்பை கேத்தோடு அறையில் விடு. காற்று போனதும் வோல்ட் ஏறினால் பாசி போதவில்லை. அசையவே இல்லையென்றால் சிக்கல் ஆனோடில். வெள்ளி-வெள்ளி குளோரைடு ஒப்பு மின்முனை கிடைத்தால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளந்துவிடலாம். அப்புறம், ஆனோடு அறை கண்ணாடியா? மூடியிருக்கிறாயா?

கயல்
பம்ப் விட்டேன் அண்ணா, 0.15-லேயே நிற்கிறது. ஆனோடு அறை கண்ணாடிதான், மூடவில்லை. ஜன்னல் பக்கச் சுவரில் இளஞ்சிவப்பாக ஏதோ படிந்திருக்கிறது.

செல்வம்_ஆய்வகம்
அப்படியென்றால் பெரும்பாலும் ஊதா ஒளிச்சேர்க்கை பாக்டீரியா. ஆக்சிஜன் இல்லாத இடம், வெளிச்சம், அசிடேட்: மூன்றும் அதற்கு விருந்து. நீ ஊற்றும் அசிடேட்டை மின்முனைக்கு எலக்ட்ரான் தராமல் அதுவே தின்று வளர்கிறது. ரோடோசூடோமோனாஸ் பாலஸ்ட்ரிஸின் ஒரு வகை மின்சாரமே தரும் என்று 2008-லேயே காட்டியிருக்கிறார்கள். ஆனால் உன் கலத்தில் வந்திருப்பது அதுவென்று நம்பி உட்காராதே. சுவரைத் துடைத்து, ஊடகத்தை மாற்றி, ஆனோடு அறையை மட்டும் அலுமினியத் தாளால் சுற்று. ஃபெல்ட்டைத் தொடாதே, வேண்டிய பாக்டீரியா அதில்தான் ஒட்டியிருக்கும்.

பாசிக்குளம்
சரி, இளஞ்சிவப்பைக் கேட்டதும் எனக்கும் ஆனோடுதான் என்று படுகிறது. பாசியை அப்படியே விடுங்கள். ஆனோடில் எப்போதாவது பச்சை தெரிந்தால்தான் இன்னும் மோசம். பாசியோ நீலப்பச்சை பாக்டீரியாவோ உள்ளேயே ஆக்சிஜன் விட்டு, எலக்ட்ரானை அங்கேயே தீர்த்துவிடும்.

கயல்
தாள் சுற்றிய பிறகு மெல்ல ஏறி, இப்போது பகலில் 0.32. அசிடேட்டும் நாள்கணக்கில் தாங்குகிறது. அறிக்கையில் பகல் உச்சத்தைக் காட்டினால் போதுமா?

செல்வம்_ஆய்வகம்
போதாது. 0.32 வோல்ட்டுக்கு 1000 ஓமில் கிடைப்பது சுமார் 0.1 மில்லிவாட், அதுவும் வெளிச்சம் இருக்கும்போது மட்டும். 24 மணி நேர வரைபடமும் சராசரியும் போடு. விளக்குக்கும் மின்சாரம் செலவாகிறது என்று தேர்வாளர் கட்டாயம் கேட்பார், அந்தக் கணக்கையும் எடுத்து வை.