குளிர் தண்ணியில பிளவுண்டர்: கடிச்சதும் கொக்கி மாட்ட தூண்டிலை வெடுக்குன்னு அடிக்கணுமா, காத்திருக்கணுமா?

பத்துமாவுங் தூண்டில்:
போன டிசம்பர் கடைசியில டெக்சஸ்ல இருக்கற தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன், கல்வெஸ்டன் பக்கம் கரையோரமா ரெண்டு நாள் பிளவுண்டருக்குப் போட்டோம். நம்ம பினாங்கு பாசார்ல மலாய்ல இக்கான் செபெலான்னு விக்குமே, எருமை நாக்கு, அந்த மாதிரி தட்டை மீன்தான், ஆனா வேற ஜாதி, ரெண்டு கண்ணும் இடப்பக்கம் இருக்கும். தண்ணியில கைய வச்சா வெரல் மரத்துப் போவுது. மொத நாள் இங்க கொடுவாவுக்கு ஜிக் (ஈயத்தலை வச்ச செயற்கை இரை) இழுக்கற மாதிரியே சரசரன்னு இழுத்தேன், ஒண்ணும் இல்ல. மறுநாள் தம்பி சொன்னான், அண்ணே தரையோட ஒட்டி இழுங்க, ரீலை அரை சுத்து சுத்திட்டு நிறுத்துங்கன்னு. மத்தியானம் வெயில் ஏறினப்புறம் கருப்பு சேறு உள்ள வாய்க்கா வாயில, தண்ணி வத்தறப்ப மூணு மாட்டுச்சு. கருப்பு சேறு வெயில்ல சூடு புடிக்கும், பொடி மீனும் எறாலும் அங்க ஒதுங்கும், வத்துத்தண்ணி அதெல்லாம் வாய்க்கா வாய்க்குத் தள்ளிட்டு வரும், பிளவுண்டர் மண்ணுல புதைஞ்சு அந்த வாய்க்கா வாயப் பாத்துட்டு கெடப்பான். கடிச்சதே தெரியாது, குப்பையில மாட்டின மாதிரி கனமா இருக்கும். உடனே அடிக்காம பத்து எண்ணிட்டு அடிச்சேன். நாமளும் இங்க அப்படிக் காத்திருக்கணும், நம்ம ஆளுங்க ரொம்ப அவசரப்படறாங்கன்னு நெனைக்கறேன்.

பாகான் பையன்:
அண்ணே இதுல நான் ஒத்துக்கமாட்டேன். குளிர்ல மீன் ஒடம்பே மந்தமாயிடும், இரைய தொரத்தாது, மெதுவாதான் முழுங்கும், அதனால அங்க காத்திருக்கறது சரி. பினாங்குல வருஷம் பூரா தண்ணி 28, 30 டிகிரி. பாலத்து தூண்கிட்ட கொடுவா உயிர் எறாலை ஒரே அடியில உள்ள இழுக்கும், பத்து எண்ணறதுக்குள்ள லைனை தூணுல சுத்திட்டு போயிடும். இன்னொண்ணு, நீங்க ரப்பர் மீன் போட்டீங்களா, உயிர் இரையா? ரப்பர்னா ருசி பாத்துட்டு துப்பிடும்ல, அதுக்கு எப்படி பத்து எண்ணுவீங்க?

பத்துமாவுங் தூண்டில்:
உயிர் இரைதான் தம்பி, பொடி மீன். ரப்பர்னா கனம் தெரிஞ்சதும் லைனை இறுக்கி அடிக்கணும், அது நான் எழுதாம விட்டது என் தப்பு.

தெலுக் கும்பார் அக்கா:
ரெண்டு பேரும் ஒரு விஷயத்த விட்டுட்டீங்க. காத்திருந்தா கொக்கி தொண்டைக்குள்ள போயிடும். டெக்சஸ்ல 15 இஞ்சுக்குக் கீழ இருந்தா திரும்ப விட்டாகணும், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சுதான். தொண்டையில மாட்டின குட்டி மீனை விட்டு என்ன பிரயோஜனம், நெறைய செத்துதானே போவும். 2021லேர்ந்து நவம்பர் 1 தொட்டு டிசம்பர் 14 வரைக்கும் அங்க பிளவுண்டர் பிடிக்கவே கூடாதுன்னு மூடி வச்சிருக்காங்க, ஏன்னா அப்பதான் முட்டை போட கரையோர விரிகுடாவ விட்டு வெளிக்கடலுக்குப் போவும். ஆண் மீன் 15 இஞ்ச் தாண்டறதே அபூர்வம், அப்ப நீங்க ஐஸ் பெட்டியில போட்டது கிட்டத்தட்ட எல்லாமே பொட்டை மீன். குஞ்சா இருக்கறப்ப தண்ணி சூடு கூடினா பொட்டையா வரவேண்டியதே ஆணா மாறிடுமாம், கடல் சூடாவுற காலத்துல இது எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருக்கு.

பாகான் பையன்:
அக்கா கரையில தூண்டில் போடறவன் எத்தனை பிடிக்கப்போறான்? மூடற காலம் முடிஞ்சுதானே அண்ணன் போனாரு. இங்க இழுவைமடிகாரன் ஒரே நடையில அள்ளறதை விட்டுட்டு நம்மள ஏன் கேக்கறீங்க?

தெலுக் கும்பார் அக்கா:
இழுவைமடியையும் கேக்கறேன் தம்பி, எங்க அப்பா சம்பான்ல, சின்னப் படகுல, மீன் பிடிக்கப் போனவரு, அவரு வலை காலியா வந்தத பாத்து வளந்தவ நான். ஆனா நம்ம கையில இருக்கறத நாம செய்யலாம்ல. நீ சொன்ன கொடுவாவையே எடுத்துக்க, அது மொதல்ல ஆண், பெருசானப்புறம்தான் பொட்டையா மாறும். பெருசுன்னு போட்டோ எடுத்து வெட்டிக் கறி வைக்கறது எல்லாம் முட்டை போடற தாய் மீன்.

பாகான் பையன்:
அது எனக்குத் தெரியாது அக்கா. போன மாசம் ஒண்ணு ஏத்தினேன், வயித்துல முட்டை இருந்துச்சு. ஆனாலும் காத்திருக்கற விஷயத்துல நான் சொன்னதுதான், சூடான தண்ணியில உடனே அடிச்சா கொக்கி ஒதட்டுலயே நிக்கும், நீங்க சொல்றபடி விடறதுக்கும் அதுதான் நல்லது.

பத்துமாவுங் தூண்டில்:
சரி தம்பி, கொடுவாவுக்கு உன் பேச்சு. அக்கா சொன்னதுக்கு சர்க்கிள் கொக்கி (முனை உள்பக்கமா வளைஞ்சது) போட்டா வாயோரத்துல மாட்டும், அதுல அடிக்கவே வேணாம், லைனை மெல்ல இறுக்கினா போதும். ஆனா தரையோட மெதுவா இழுக்கறத நான் விடமாட்டேன், எருமை நாக்கும் மண்ணுல படுத்துதான் கெடக்கும். ஆயர் மாத்தி, அதான் தண்ணி ஓட்டம் கொறைவா இருக்கறது, வர்ற வாரம் ஜெரெஜாக் தீவு பக்கம் சம்பான் எடுக்கறேன், நீ வேகமா இழு நான் மெதுவா இழுக்கறேன். அக்கா வந்து அளந்து பாக்கட்டும்.

தெலுக் கும்பார் அக்கா:
வரேன். இரைக்குப் பும்புன் புழு நானே தோண்டி எடுத்துட்டு வரேன், கடையில வாங்காதீங்க.