பாம்பன் வீட்டுக் கல்யாணம் குழு: 18 லென்ஸ்ல கடல் மங்கலா வருது

முருகன் (மாலை 6:12): பெரிய மாமா இருக்கீகளா? குந்துகால்ல டெஸ்ட் எடுத்தோம். 18 மி.மீ. லென்ஸ்ல கடலும் பாலமும் மங்கல். 85ல அக்கா முகம் பளிச்சுனு இருக்கு. விடியக்காலம் பொண்ணு மாப்பிள்ளைய அங்க வச்சுத்தான் எடுக்கணும்.

செல்வி: ஐயோ

பெரியம்மா: குண்டு மிளகாய் 5 கிலோ போதுமா 6ஆ? கடைக்காரர் போன்ல நிக்கிறாரு

பெரிய மாமா: ஃபோகஸ் ரிங்க இன்ஃபினிட்டி கோட்டுல, அதான் ரொம்பத் தூரத்துக்கான கோட்டுல வச்சியா?

முருகன்: முட்டுற வரைக்கும் திருப்பியாச்சு மாமா. பக்கத்துல கட்டிக்கிடக்குற வள்ளம்தான் தெளிவா இருக்கு. அதைத் தாண்டிப் போக மாட்டேங்குது.

சித்தப்பா: லென்ஸ் வாடகைக்கு வந்தது. கோளாறு அதுல. லென்ஸையும் கேமராவையும் சேக்குற என் அடாப்டர் நல்லாருக்கு

பெரிய மாமா: கணக்குப் போட்டா தெரிஞ்சிடும் மாப்ள. கேமராவுல லென்ஸ் மாட்டுற வாய், அதான் மவுண்ட், ஈ வகை. அதோட முகத்துலருந்து படம் விழுற சென்சாருக்கு 18 மி.மீ. நம்ம லென்ஸ் பி.எல்.ங்கிற வேற மவுண்ட் வகை, அதுக்கு 52 வேணும். அப்ப அடாப்டர் கனம் சரியா 34.00. அது 34.05 ஆயிட்டா லென்ஸ் சென்சார விட்டுத் தள்ளி நிக்கும், இன்ஃபினிட்டி எட்டாது. 33.95 ஆனா கோட்டுக்கு முன்னாடியே இன்ஃபினிட்டி வந்து தாண்டிடும். முருகன் சொல்றது முதல் வகை.

முருகன்: 85ல ஏன் தெரியல?

பெரிய மாமா: 85ல நீ எடுத்தது கிட்ட நிக்கிற ஆள. மானிட்டரப் பாத்து ரிங்கத் திருப்பிக்கிட்ட, பிழை அதுக்குள்ள மறைஞ்சுபோச்சு. லென்ஸ் மி.மீ.யை அதாலயே பெருக்கி, பிழையால வகு. இன்ஃபினிட்டிக் கோட்டுல வச்சா எங்க போய் நிக்கும்னு வந்துரும். 0.05 பிழைக்கு 18 லென்ஸ்: 324ஐ வகுத்தா 6480 மி.மீ., ஆறரை மீட்டர். 85ன்னா 144 மீட்டர். அதான் அகல லென்ஸ் முதல்ல காட்டிக்கொடுக்கும்.

பெரியம்மா: 6 சொல்லிட்டேன்

செல்வி: 6 கிலோவா பெரியம்மா!! ஊரே அழும்

பெரிய மாமா: முருகா, எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி துடை. மணல்ல நின்னு லென்ஸ் மாத்திருப்ப. மவுண்ட் முகத்துல ஒரு மணல் துகள் இருந்தா 0.1 மி.மீ. தூக்கிடும், நாம தேடுறதப் போல ரெண்டு மடங்கு. அதும் ஒரு பக்கமாத் தூக்கும், படத்துல ஒரு ஓரம் மட்டும் மங்கும். வாயால ஊதாதே. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி. கேமரா பக்கம், அடாப்டர் ரெண்டு முகம், லென்ஸ் பின்முகம், நாலும். சென்சாருக்கு அந்தத் துணி போகக்கூடாது.

முருகன் (6:48): துடைச்சாச்சு. கொஞ்சம் உப்பு வந்துச்சு. படம் மாறல. ஓரம் நடு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு.

பெரிய மாமா: அப்ப சாய்வு இல்ல. நல்லது. இப்ப 25 லென்ஸப் போடு. அதுவும் கோட்டுல வச்சு 12 மீட்டர் வாக்குல தெளிஞ்சா அடாப்டர்தான். 25 கடலத் தொட்டுட்டா 18 லென்ஸோட கோளாறு, அடாப்டரத் தொடவே வேணாம்.

சித்தப்பா: தொடவே வேணாம்னுதான் நானும் சொல்றேன்

அத்தை: நாளைக்கு ராம்நாட்ல இருந்து வேன் எத்தனை மணிக்கு?

முருகன் (7:05): 25ல 12, 13 மீட்டர்ல வலைக்கொட்டகை. அதுக்கு மேல மங்கல்.

பெரிய மாமா: அடாப்டர்.

சித்தப்பா: காதுகுத்துக்கு வெளியாள வச்சு எடுத்தீக. அப்ப என் அடாப்டர் ஞாபகம் வரல

அத்தை: அத இப்ப ஏன் இழுக்குறீக. வேன் எத்தனை மணிக்கு?

பெரிய மாமா: மாப்ள, அது கெட்டுப்போச்சுன்னு யாரும் சொல்லல. வேற கேமராவுக்கு அமைச்ச ஷிம், அதான் கனத்தச் சரிபண்ற மெல்லிசு வளையம், உள்ள இருக்கும், அவ்வளவுதான். முருகா, சரியா அள. டேப்ப விரி. செய்தித்தாள பலகைல ஒட்டி டார்ச் அடி. 18 லென்ஸ், கோட்டுல, அப்பர்ச்சர், அதான் வெளிச்சம் வர்ற துளை, முழுசாத் திறந்து, மானிட்டர்ல பெருசாக்கிப் பாரு. எங்க தெளிய ஆரம்பிக்குது, எங்க மங்க ஆரம்பிக்குது, ரெண்டையும் சொல்லு.

முருகன் (7:31): 5 மீட்டர்ல தெளியுது. 10ல மங்குது.

செல்வி: நடுவுல ஏழரை

பெரிய மாமா: தூரத்துக்கு நடு எடுக்கக்கூடாதும்மா. பிழைக்குத்தான் நடு. 324ஐ 5000ஆல வகுத்தா 0.065. 10000ஆல 0.032. ரெண்டுக்கும் நடு ஏறக்குறைய 0.05. அடாப்டர் டப்பால ஷிம் பாக்கெட் இருக்கா?

முருகன்: 0.05 மூணு, 0.02 ஒண்ணு.

பெரிய மாமா: பி.எல். முகத்துல நாலு ஸ்க்ரூ. கழட்டினா அடியில வளையம் வளையமா இருக்கும். 0.10 ஒண்ணு கிடந்தா அத எடுத்துட்டு 0.05 போடு. முழு வளையமா இருக்கணும், மடிப்பு விழுந்தத வைக்காதே. துண்டு வெட்டி வச்சா சாஞ்சிடும். செல்லோடேப் வேணவே வேணாம், நசுங்கும். ஸ்க்ரூவ எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா, மூணு சுத்துல முறுக்கு. ஒண்ண மட்டும் முழுசா முறுக்கினா தகடு கோணிக்கும்.

முருகன்: 0.01 முன்ன பின்ன வந்தா?

பெரிய மாமா: மிஞ்சுனா குறைவுப் பக்கம் மிஞ்சட்டும். குறைஞ்சா ரிங்கப் பின்னால திருப்பிக்கலாம். கூடிப்போனா இன்ஃபினிட்டிக்கு வழியே இல்ல. வெயிலும் இருக்கு: 34 மி.மீ. அலுமினியம் 15 டிகிரி ஏறுனா 0.012 நீளும். ஏசி அறையில அமைச்சுட்டு வெயில்ல நிக்காதே. கேமராவ அரை மணி நேரம் ஓடவிட்டு, வெளியில வச்சே பாரு. குறி பாலத்து விளக்கு. பகல்ல கடல் மேல காத்து ஆடும், நம்ப முடியாது. கனமான லென்ஸுக்கு அடியில ராடு முட்டு குடு, இல்லேன்னா மவுண்ட் தொங்கும்.

சித்தப்பா: நான் இல்லாம யாரும் திறக்காதீக

முருகன்: நீங்க எப்ப வாரீக சித்தப்பா

சித்தப்பா: பந்தல் வேலை முடியட்டும். 9, 10 ஆகும்

பெரியம்மா: சாப்பிட்டுட்டுப் போ தம்பி. கணவாய் இருக்கு

பெரிய மாமா: அடாப்டரத் திறக்க முடியலன்னா அப்பர்ச்சர எஃப் 8க்கு மூடு. 0.05 பிழை 0.006 மி.மீ., அதாவது 6 மைக்ரான் பரவல்தான், உன் சென்சார்ல ஒரு பிக்சலே 8.4 மைக்ரான், அடங்கிடும். எஃப் 2ல மூணு பிக்சல் பரவும். ஆனா விடியக்காலம் எஃப் 8க்கு வெளிச்சம் பத்தாது. அதுனால ராத்திரியே முடிக்கிறதுதான் நல்லது.

சித்தப்பா: ஷிம் பழசக் கீழ போட்டுறாதீக. எடுத்தத டப்பால வை, எது எங்க இருந்துச்சுன்னு எழுதி வை

பெரிய மாமா: சரியாச் சொன்னீக மாப்ள

செல்வி: அப்ப வாரீகளா சித்தப்பா?

சித்தப்பா: பாக்குறேன்

அத்தை: வேன்??