ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மாவுக்கு வந்த குழப்பம்

அம்மாவுக்கு 78 வயது. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, உடைந்த பந்து எலும்பை எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து வைத்தார்கள். மறுநாளே பிசியோதெரபிஸ்ட் வந்து வாக்கரைப் பிடித்து நிற்கவும் வைத்தார். இவ்வளவும் முன்பே சொல்லியிருந்தார்கள். அன்று ராத்திரி நடந்ததைப் பற்றித்தான் யாரும் சொல்லவில்லை.

விளக்கை அணைத்ததும் அம்மா போர்வையை நோண்ட ஆரம்பித்தார். கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸைப் பிடுங்கப் பார்த்தார். "மாட்டை மாத்திக் கட்டணும், விடுங்க" என்றார். வீட்டில் மாடு இருந்தது என் கல்யாணத்துக்கு முன்னால். என்னைப் பார்த்து "நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. விடிந்ததும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் காபி கேட்டார். சாயங்காலம் மறுபடியும் அதே பேச்சு.

பார்க்க வந்த சொந்தக்காரர்களில் ஒருவர், மயக்க ஊசி மூளையைத் தாக்கிவிட்டது என்றார். இன்னொருவர் திருநீறு மந்திரித்து வாங்கி வரச் சொன்னார். ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர்தான் பயத்தைத் தெளிய வைத்தார். இதற்கு டெலிரியம் என்று பெயராம். இடுப்பு முறிந்து ஆபரேஷன் செய்துகொள்ளும் வயதானவர்களுக்கு அடிக்கடி வருவதாம். மறதி நோய் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வரும்; இது சில மணி நேரத்தில் வந்து, ஏறி ஏறி இறங்கும். சிறுநீரில் தொற்று, உடம்பில் நீர் வற்றுவது, அடங்காத வலி, மலச்சிக்கல், சில மாத்திரைகள் என்று ஏதாவது பின்னால் இருக்கும். ரத்தப் பரிசோதனையில் அம்மாவுக்குச் சோடியம் என்ற உப்புச் சத்து குறைந்திருந்தது. அதை வேகமாக ஏற்றினால் மூளைக்கே ஆபத்து என்பதால் நிதானமாகத்தான் ஏற்றினார்கள். ஆகவே வயதாகிவிட்டது, அப்படித்தான் பேசுவார்கள் என்று விட்டுவிடாதீர்கள். உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்போது கழற்றிக் கொடுத்த கண்ணாடியையும் காது மெஷினையும் முதல் வேலையாக மாட்டிவிடச் சொன்னார் மருத்துவர். கண்ணும் காதும் சரியாக இல்லாமல், தெரியாத இடத்தில் கிடந்தால் யாருக்குத்தான் குழம்பாது? பகலில் ஜன்னல் திரையைத் திறந்து வைத்தேன். மாடு இல்லையே என்று வாதாடவில்லை. "அம்மா, இது மதுரை ஆஸ்பத்திரி, இடுப்புல ஆபரேஷன் ஆகியிருக்கு, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கூட்டமாக வந்தவர்களை ஒவ்வொருவராக அனுப்பினேன். ராத்திரி கையைக் கட்டிவிடலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கட்டினால் பதற்றம் கூடத்தான் செய்யும்.

எதிர்க் கட்டிலில் ஒரு பாட்டி, சத்தமே இல்லை, நாள் முழுக்கக் கண்ணை மூடியே கிடந்தார். நல்லா தூங்குறாங்க என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அதுவும் இதே குழப்பம்தான், அமைதியான வகை என்று அவருடைய மகனிடம் மருத்துவர் விளக்கிக்கொண்டிருந்தார். கத்துகிறவர்களை எல்லோரும் கவனிப்பார்கள். இப்படி அடங்கிக் கிடப்பவர்கள்தான் கண்ணில் படாமல் போய்விடுவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்கள் சாயங்காலமானால் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது, அப்புறம் தெளிந்துவிட்டார். நடந்ததில் பாதி அவருக்கு நினைவிருக்கிறது. "ஏதாவது திட்டிட்டேனாடி?" என்று இன்னும் கேட்பார். இல்லம்மா என்று சொல்வேன், அது உண்மையும்கூட.

அடுத்த வாரம் அப்பாவுக்கோ மாமியாருக்கோ ஆபரேஷன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. தினமும் தூக்க மாத்திரை போடுகிறவர்களா, குடிப்பழக்கம் உண்டா என்பதைக் கூச்சப்படாமல் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவை திடீரென்று நின்றாலும் இதே மாதிரிக் குழப்பம் வரும், அதற்கான வைத்தியம் வேறு.