மறுமடல்: 'அனமார்ஃபிக்' – தமிழில் எப்படிச் சொல்வது?

> 'உருத்திரிபு' என்றே வைத்துவிடலாமே. கிரேக்க மூலத்துக்கும் நெருக்கம்.

நெருக்கம்தான். அகலத்திரைப் படத்தைப் பக்கவாட்டில் அழுத்தி வட்டில் பதிந்து, ஓட்டும்போது விரித்துக் காட்டுவதுதான் 'அனமார்ஃபிக்'. ஆனால் டிவிடி உறையில் 'உருத்திரிபு' என்று அச்சிட்டால், கையில் எடுத்தவர் ஏதோ பழுதான வட்டு என்று திருப்பி வைத்துவிடுவார். இங்கே படம் திரிவது கோளாறு அல்ல, வேண்டுமென்றே செய்வது.

என்டிஎஸ்சி (அமெரிக்காவும் ஜப்பானும் பின்பற்றிய ஒளிபரப்பு முறை) டிவிடியில் ஒரு சட்டத்துக்கு (ஃப்ரேம்) 720×480 படப்புள்ளிகள். திரையின் அகல-உயர விகிதம் 4:3 ஆனாலும் 16:9 ஆனாலும் அந்த எண்ணிக்கை மாறாது. 2.35:1 அகலமுள்ள படத்தை 4:3 சட்டத்துக்குள் அப்படியே வைத்தால், மேலும் கீழும் கறுப்புப் பட்டை போக, 480 வரிகளில் சுமார் 272தான் படத்துக்கு மிஞ்சும். மற்றதெல்லாம் வெறும் கறுப்பு! அதே படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிந்து, ஓட்டும்போது 16:9க்கு விரித்தால் சுமார் 363 வரிகள் கிடைக்கும். பட்டை அப்போதும் இருக்கும், கொஞ்சம் மெலிதாக. விரிக்க மறந்தால் நடிகர்கள் எல்லாரும் ஒட்டடைக்குச்சி ஆகிவிடுவார்கள்.

> அப்படியானால் 'சுருக்கம்' போதாதா?

டிவிடியில் கோப்பின் அளவைக் குறைக்கும் எம்பெக்-2 முறை செய்வதையும் 'சுருக்கம்' என்றுதானே எழுதுகிறோம். ஒரே வட்டில் இரண்டு சுருக்கம் வேண்டாம்.

என் பரிந்துரை: அகலக்குறுக்கம். ஐகாரக்குறுக்கத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு மாத்திரை ஒலிக்க வேண்டிய ஐ, சொல்லின் முதலில் ஒன்றரையாகவும் இடையிலும் கடையிலும் ஒன்றாகவும் குறைகிறது. ஆனால் எழுத்து ஐயாகவே நிற்கிறது. இங்கும் படத்தில் எதுவும் வெட்டுப்படவில்லை, அகலம் மட்டும் தன் அளவில் குறைந்து நிற்கிறது. 'அகலக்குறுக்கப் பதிவு' என்று தொடராக்கினாலும் நாக்கு இடறவில்லை.

> 'ரீஜன்' – வட்டாரம்?

ஒரு வட்டு எந்த நாடுகளில் விற்ற கருவிகளில் ஓடும் என்று குறிப்பதுதான் 'ரீஜன்'. வட்டாரம் என்றதும் பேச்சுவழக்குதான் நினைவுக்கு வருகிறது. டிவிடியின் 2ஆம் எண்ணில் பிரிட்டனும் ஜப்பானும் சேர்ந்தே இருக்கின்றன. அது எந்த வட்டாரம்? 'மண்டலம்' சரி. 8ஆம் எண் விமானம், கப்பல் போன்றவற்றுக்கு. வானமண்டலம் என்று ஏற்கெனவே சொல்கிறோம், ஆக அதற்கும் பொருந்தும். புளூ-ரேயில் எண்ணுக்குப் பதில் ஏ, பி, சி எழுத்துகள். 'ஏ மண்டலம்' என்று எழுதலாம்.

ஒன்றை மட்டும் பிரித்தே வைக்க வேண்டும். மண்டலமும் 'பால்', 'என்டிஎஸ்சி' என்ற ஒளிபரப்பு முறைகளும் ஒன்றல்ல. பிரிட்டன் வட்டுகள் 'பால்', ஜப்பான் வட்டுகள் 'என்டிஎஸ்சி', மண்டலம் ஒன்றே. வட்டு ஓடாததற்குக் காரணம் மண்டலப் பூட்டா, ஒளிபரப்பு முறையா என்று படிப்பவருக்குத் தெரிய இரண்டு சொல் வேண்டும்.

அப்புறம், 'பேன் அண்ட் ஸ்கேன்'. அகலப் படத்தின் ஓரங்களை வெட்டி, காட்சிக்கு ஏற்ப அந்தச் சட்டத்தை இடமும் வலமுமாக நகர்த்துவது. 'நகர்சட்டம்' என்று எழுதிப் பார்த்தேன். வெட்டு விடுபட்டுப் போகிறது. 'வெட்டுநகர்வு' காதுக்கு இனிமையாக இல்லை. நல்லது தோன்றினால் எழுதுங்கள். தயவுசெய்து 'பேன்' என்று மட்டும் விட்டுவிடாதீர்கள், தலையில் ஊரும்.