நெடுந்தீவுக்கு 2 நாள், ஆளுக்கு 12,000 ரூபாய்: சரிவருமா?

கொக்குவில் பெடியன்

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து முப்பது வயதாகப் போகிறது, இன்னும் நெடுந்தீவைக் கண்ணால் கண்டதில்லை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அம்மாவோடு நயினாதீவுக்கு எத்தனை தரம் போயிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தரமும் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று நெடுந்தீவுப் படகில் சனம் ஏறுவதைப் பார்த்ததோடு சரி. இப்போது பள்ளிக்கூட நண்பன் ஒருவன் கனடாவில் இருந்து வந்து நிற்கிறான். முதலில் மாலைதீவு என்று தொடங்கினான், எங்கள் சம்பளத்தைக் கேட்டதும் பாசிக்குடாவுக்கு இறங்கினான், கடைசியில் நான்தான் நெடுந்தீவு என்று வாயை விட்டேன்.

மொத்தம் ஆறு பேர். வருகிற சனி காலை வெளிக்கிட்டு ஞாயிறு இருட்டுவதற்குள் வீட்டுக்கு வரவேண்டும், இருவருக்குத் திங்கள் வேலை. ஆளுக்கு 12,000 ரூபாய்தான். அதற்கு மேல் போனால் கனடாக்காரன் "மிச்சத்தை நான் போடுகிறேன்" என்பான், அது எங்களுக்குச் சரிவராது. வான் பிடிப்பதா, பஸ்ஸில் போவதா? ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாமா, தங்கினால்தான் நல்லதா? கடற்கரையில் கூடாரம் போட்டால் தங்குமிடக் காசு மிச்சம் என்று ஒருவன் நிற்கிறான். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒடியல்கூழ்

வான் எல்லாம் வேண்டாம் தம்பி. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776 ஏறினால் நேரே குறிகட்டுவான்தான். ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். ஆனால் பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், அப்புறம் வேலணை தாண்டி வாணர் தாம்போதியில் மறுபடியும் கடல், அந்த யன்னல் ஓரத்துக்கே காசு கொடுக்கலாம். வான் பிடித்தால் அது இறங்குதுறையில் இரண்டு நாள் சும்மா நிற்கும், அதற்கும் நீங்கள்தான் காசு கட்டவேண்டும்.

படகுச் செலவு ஒரு செலவே இல்லை. நாங்கள் போனபோது அரசாங்கப் படகில் காசே வாங்கவில்லை. காசு போவது தீவுக்குள் சுற்றத்தான். நெடுந்தீவு கிட்டத்தட்ட 50 சதுர கிலோமீற்றர், இறங்கி நடந்தே பார்த்துவிடலாம் என்று நினைத்து வருகிறவர்கள் படகு வந்து நிற்கும் மாவிலித்துறையில் இருந்து அரை மணித்தியாலம் வெயிலில் நடந்தபிறகு ஓட்டோக்காரரைத் தேடுவார்கள். ஆறு பேர் ஒரு ஓட்டோவில் ஏற முடியாது, இரண்டு பிடித்தால் செலவு இரட்டிப்பு. பிக்கப் ஒன்றைப் பேசுங்கள், பின்னால் நின்றுகொண்டு போக அதுதான் நல்லது. விலையை ஏறுவதற்கு முன்னமே பேசிவிடுங்கள், எந்தெந்த இடம் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கோட்டையையும் புறாக்கூட்டையும் காட்டிவிட்டு "முடிந்தது" என்பார்கள். தெற்கு முனையில் இருக்கும் குவிந்தா கோபுரம் தூரம், அதைத்தான் முதலில் வெட்டப் பார்ப்பார்கள்.

நெடுந்தீவான்

ஊர்க்காரன் எழுதுகிறேன். எல்லாரும் காசைக் கதைக்கிறீர்கள், காற்றை ஒருவரும் கதைக்கவில்லை. இப்போது சோளகம், தென்மேற்குக் காற்றுக் காலம். மாசியில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், இந்த மாதத்தில் அப்படி இல்லை. ஒரு மணித்தியாலப் பயணம், நடுக்கடலுக்குப் போனதும் படகு தூக்கிப் போடும். சத்தி (வாந்தி) வருகிறவர்கள் காலையில் பாண் துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கீழே அடைந்து கிடக்காமல் காற்றுப்படுகிற இடத்தில் இருங்கள். காற்று கூடினால் படகு ஓடாமலும் விடும். ஆகவே திங்கள் வேலைக்காரர் இருவரும் ஒரு நாள் லீவு கேட்டு வைப்பது நல்லது.

கூடாரக் கதையை விடுங்கள். ஊரவரிடமும் கடற்படையிடமும் கேட்காமல் கரையில் படுத்தால் இரவில் டோர்ச் அடித்து எழுப்புவார்கள், பதில் சொல்லியே விடியும். வீடுகளில் அறை விடுகிறவர்கள் இருக்கிறார்கள், முதல் நாளே சொல்லிவைத்தால் மீன் குழம்போடு சாப்பாடும் கிடைக்கும். அடையாள அட்டை ஆறு பேரிடமும் இருக்கட்டும், கனடாக்காரர் கடவுச்சீட்டைக் கொண்டுவரட்டும். குடிநீர் கட்டாயம் கொண்டுவாருங்கள். இங்கே கன கிணறு உவர், நல்ல தண்ணீர் சாராப்பிட்டிப் பக்கம்தான், அதை நம்பித்தான் நாங்களும் இருக்கிறோம், குதிரைகளும் இருக்கின்றன.

குதிரை என்றதும் இன்னொன்று. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன வம்சம், பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் நோலன் துரை பார்த்துக்கொண்ட வம்சம் என்று எல்லாரும் படம் எடுக்க ஓடிவருவார்கள். மழை முடிந்து புல் நிற்கும்போது வந்தால் கூட்டமாக மேயும், பார்க்க ஆசையாக இருக்கும். இப்போது வந்தால் எலும்பு தெரியும். வறட்சியில் தண்ணீர் இல்லாமல் செத்ததும் உண்டு. பக்கத்தில் நின்று படம் எடுக்க வேண்டும் என்று துரத்தாதீர்கள், அவை ஓடுகிற ஓட்டத்துக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை.

மாவிலித்துறையில் இறங்கியதும் குமுதினி என்ற பயணிகள் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவிடம் இருக்கிறது. 1985 மே 15. கைக்குழந்தையும் இருந்தது. ஓட்டோ பேசுகிற அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

பள்ளிமுனை

நெடுந்தீவில் இருக்கிற பெருக்கமரத்துக்கு (பாவோபாப்) மட்டும் ஆசைப்பட்டுப் போகிறீர்கள் என்றால் மன்னாருக்கு வாருங்கள். கடலும் கடக்கத் தேவையில்லை, எங்கள் மரம் பெரிசு.

நெடுந்தீவான்

உங்கள் மரத்துக்குள்ளே ஆள் நுழையலாமா? எங்களுடையதில் நுழையலாம்.

வேலணைப் பிள்ளை

நாங்கள் நாலு பெண்கள் போன வருடம் ஒரே நாளில் போய்வருவதாகப் போனோம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் கோட்டையில், அந்த முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) சுவர்களுக்கு நடுவே படம் எடுத்து எடுத்து நேரம் போனதே தெரியவில்லை, பின்னேரப் படகை விட்டுவிட்டோம். அழாக்குறைதான். பிறகு ஓட்டோ அண்ணையின் வீட்டிலேயே படுக்க விட்டார்கள், அன்றிரவு அவர்கள் அம்மா வைத்த நண்டுக்குழம்பை இப்போதும் கதைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் தீவைப் பார்த்தது அடுத்த நாள் காலையில்தான். பகல் படகுச் சனம் இல்லாமல், வேலி எல்லாம் முருகைக்கல்லாக, மாடுகள் மட்டும் நடக்கிற ரோட்டில் ஆறு மணிக்கு நடந்து பாருங்கள். ஆகவே தங்குங்கள். தவறிப்போய்த் தங்காமல் சொல்லித் தங்குங்கள்.

செலவுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஞாயிறு காலைப் படகு எப்போது என்று சனி இறங்கும்போதே கேட்டுவிட்டு அதில் குறிகட்டுவானுக்கு வாருங்கள். அங்கேயே நயினாதீவுப் படகு, கால் மணித்தியாலம் கொஞ்சம் கூட. நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு மத்தியானம் கோயிலின் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் சாப்பிடலாம். உண்டியலில் மனமறிந்து போடுங்கள், ஆறு பேர் சாப்பிட்டுவிட்டு நழுவாதீர்கள். ஆண்கள் சேட்டைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும், வேட்டியோ சாரமோ பையில் இருக்கட்டும்.

ஒடியல்கூழ்

இதை நான் யோசிக்கவே இல்லை பிள்ளை. அப்படி என்றால் தங்குமிடமும் பிக்கப்பும் மட்டும்தான் பெரிய செலவு, ஆறாகப் பிரித்தால் 12,000 தாராளம். மிச்சத்துக்குக் கருவாடு வாங்கி வரலாம். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர்கள்தான் பாவம்.

கொக்குவில் பெடியன்

எல்லாருக்கும் நன்றி. கனடாக்காரனுக்கு இதை வாசித்துக் காட்டினேன். சத்தி என்ற இடத்தில் முகம் மாறியது, நண்டுக்குழம்பில் சரியானது. மாசிக்குத் தள்ளலாமா என்று கேட்டேன், அடுத்த வியாழன் அவனுக்கு விமானம், அதனால் இந்தச் சனிதான். கூடாரம் இல்லை. கோட்டைக்கு ஒரு மணித்தியாலம்தான் என்று இப்போதே சொல்லிவிட்டேன். குதிரையைத் தூரத்தில் நின்று பார்ப்போம். ஒருவன் திங்களுக்கு லீவு கேட்டுவிட்டான், மற்றவனின் மேலாளர் "காற்றுக்கெல்லாம் லீவு இல்லை" என்றாராம்.

நெடுந்தீவான் அண்ணை, அறை விடுகிற வீடு ஒன்றைத் தனிச்செய்தியில் சொல்ல முடியுமா? ஆறு பேரில் ஒருவன் சைவம், மீன் குழம்புக்குப் பதிலாக ஏதாவது வேண்டும்.

நெடுந்தீவான்

அனுப்பியிருக்கிறேன் தம்பி. சைவக்காரருக்குப் புட்டும் தயிரும் இருக்கும். வெள்ளி பின்னேரம் எனக்கு ஒரு போன் போடுங்கள், காற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.