மெஷின் ஒரு கணக்கு, லாப் ஒரு கணக்கு: எதை நம்பிறது?

கோண்டாவில்காரன்:
அம்மாவுக்கு 68 வயது. சீனி வருத்தத்துக்கு மெற்ஃபோமின், கிளிக்கிளசைட் குளிசைகள் போடுறா. விடிய 6 மணிக்கு வீட்டிலை மெஷினிலை குத்திப் பாத்தால் இரத்தச் சீனி 162 (மில்லிகிராம்/டெசிலீற்றர்). அண்டைக்கே 9 மணிக்கு லாபிலை, வெறும் வயிறு, 138. பிறகொரு நாள் வீட்டிலை அடுத்தடுத்து ரெண்டு தரம் பாக்க 148, 163. மெஷின் பழுதோ? இரத்தத் துளி வைக்கிற ஸ்ரிப் டப்பா குசினி அலுமாரியிலை, அடுப்புக்குப் பக்கத்திலை இருக்கு. ஸ்ரிப் விற்கிற விலைக்கு 50ஐ எப்பிடிப் பிரிச்சுப் பாவிக்கலாம் எண்டும் சொல்லுங்கோ.

ஆய்வுகூடத்தான்:
மெஷினை மாற்ற அவசரப்படாதேங்கோ. சீனி மெஷின்களுக்கென 2013இல் வந்த ஐஎஸ்ஓ 15197 தரத்தின்படி, 100க்கு மேற்பட்ட அளவில் 15 வீதம் கூடிக் குறையலாம். 100க்குக் கீழே 15 மில்லிகிராம். அதுவும் நூற்றுக்கு 95 வாசிப்புகளுக்குத்தான். உண்மை 155 என்றால் 132இலிருந்து 178 வரை எது காட்டினாலும் மெஷின் தன் வரம்புக்குள்தான் நிற்கிறது. ஆகவே 148, 163 இரண்டிலும் பிழையில்லை.

162ஐயும் 138ஐயும் ஒப்பிடவே கூடாது. இடையில் மூன்று மணித்தியாலம். சீனி குறையாமல் தடுக்கிற ஃபுளோரைட் மருந்து போடாத குழாயில் எடுத்த இரத்தம் மேசையில் கிடந்தால், இரத்தக் கலங்களே மணிக்கு 5 - 7 வீதம் குளுக்கோசைத் தின்றுவிடும். லாப் கணக்கும் இறங்கும். சரிபார்க்க வேண்டுமென்றால் மெஷினை லாபுக்குக் கொண்டுபோங்கோ. கையில் இரத்தம் எடுத்து ஐந்து நிமிடத்துக்குள் விரலில் குத்திப் பாருங்கோ. வெறும் வயிற்றில் மட்டும். சாப்பிட்ட பிறகு விரல் இரத்தத்தில், லாபில் கையில் எடுக்கிற நாள இரத்தத்தைவிட, சீனி இயல்பாகவே கூட இருக்கும். இரத்தச்சோகை இருந்தாலும் பல மெஷின்கள் கூட்டிக் காட்டும், அம்மாவின் ஹீமோகுளோபினையும் ஒருக்கால் பாருங்கோ.

மானிப்பாய்த்தாதி:
தம்பி, முதல் அந்த டப்பாவை அடுப்படியிலை இருந்து எடுங்கோ. ஸ்ரிப்பிலை இருக்கிறது நொதியம். சூடும் நீராவியும் பட்டால் செத்துப்போம். அனேகமான ஸ்ரிப்புக்கு 30 பாகைதான் எல்லை, சித்திரை வைகாசியிலை எங்கடை வெக்கை அதைத் தாண்டும். அதுக்காக ஃபிரிட்ஜுக்குள்ளை வையாதேங்கோ, வெளியிலை எடுக்க வேர்த்து ஈரம் பிடிக்கும். வீட்டிலை ஆகக் குளிரான அறை அலுமாரி போதும். ஒண்டை எடுத்த கையோடை மூடியை "டிக்" எண்டு அடையுங்கோ. வேறை போத்தலுக்கு மாத்தக்கூடாது, ஈரம் உறிஞ்சிற மருந்து அந்த டப்பாவிலைதான் இருக்கு. திறந்த திகதியைப் பேனையாலை டப்பாவிலை எழுதுங்கோ: சிலது 3 மாதம், சிலது 6 மாதம். 25, 25 ஆக ரெண்டு டப்பா வாற பெட்டி கிடைச்சால் அதுதான் லாபம்.

அடுத்தது கை. கறுத்தக்கொழும்பான் சீவின விரலிலை குத்தினால் வாறது மாம்பழத்தின்ரை சீனி. ஸ்பிரிற் பஞ்சாலை துடைச்சாலும் அது முழுக்கப் போகாது. சவுக்காரம் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கோ. விரல் நுனியிலை குத்தாமல் பக்கவாட்டிலை குத்தினால் நோவும் குறைவு. முதல் துளியைத் துடைச்சிட்டு ரெண்டாவதை எடுங்கோ. இரத்தம் வராட்டில் கையைத் தொங்கவிட்டு ஆட்டுங்கோ. பிதுக்கினால் தசைநீர் கலந்திடும். ஸ்ரிப் குறையாய்க் குடிச்சால் மேலை இன்னொரு துளி வையாமல் புதுசு எடுங்கோ.

வெள்ளெருக்கு:
ஸ்ரிப் கணக்கு: விடியக் காலமை மட்டும் குத்திறதாலை சாப்பாட்டைப் பற்றி ஒண்டும் தெரியாது. ஒரு கிழமைக்கு ஒரு வேளையை எடுங்கோ, இரவுப் புட்டு எண்டு வையுங்கோ. சாப்பிட முதலும், முதல் வாய் வைச்சு ரெண்டு மணித்தியாலத்திலையும், மூண்டு நாள்: 6 ஸ்ரிப். மூண்டு வேளைக்கும் 18. வெறும் வயிறு கிழமைக்கு ரெண்டு, மாதம் 8. மொத்தம் 26, மிச்சம் அடுத்த மாதத்துக்கும் அவசரத்துக்கும். பொதுவாச் சொல்லிற இலக்கு சாப்பிட முதல் 80 - 130, பிறகு 180க்குக் கீழை. வயது போன ஆக்களுக்கு டொக்டர் தளத்தி விடுவார், கிளினிக்கிலை கேளுங்கோ. வாசிப்போடை என்ன சாப்பிட்டவ, எவ்வளவு எண்டதையும் கொப்பியிலை எழுதாட்டில் அந்த நம்பராலை பிரயோசனமில்லை.

கோண்டாவில்காரன்:
நன்றி. அம்மா நல்லூர்த் திருவிழாவுக்கு விரதம். அந்த நாளிலை?

மானிப்பாய்த்தாதி:
கிளிக்கிளசைட் சாப்பாடு இல்லாட்டிலும் சீனியை இறக்கும். விரதத்துக்கு முதலே அந்தக் குளிசையை எப்பிடிப் போடுறது எண்டு கிளினிக்கிலை கேட்டு வையுங்கோ, நீங்களா நிப்பாட்டாதேங்கோ. வேர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் உடனை குத்திப் பாருங்கோ. 70க்குக் கீழை எண்டால் விரதத்தை விட்டிட்டு 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணியிலை கரைச்சுக் குடுங்கோ. 15 நிமிசத்தாலை திருப்பிப் பாருங்கோ, ஏறாட்டில் இன்னொருக்கால். சொக்லேற் வேண்டாம், கொழுப்பு இருக்கிறதாலை ஏறச் சுணங்கும். நினைவில்லாட்டில் வாயிலை ஒண்டும் ஊத்தாமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ.

ஆய்வுகூடத்தான்:
பாவித்த ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு மூடி வையுங்கோ, குப்பைப் பையில் சும்மா போடக்கூடாது. ஒருவரின் ஊசியை மற்றவருக்குப் பாவிக்கவே கூடாது. அப்பாவுக்கும் பார்ப்பதென்றால் குத்தும் பேனையும் வேறாக வேண்டும்.